நாளைக்குப் பள்ளிக்கூடம்

அத்தியாயம் 7

"என்ட புள்ள ஒரு வருஷமா ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவள், மிஸ். நேத்து வேற கதை சொன்னாள்."

மூதூரிலிருந்து வந்த பரீதா இதைச் சொன்னபோது அழவில்லை. அது றீற்றாவுக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடம் பொலிசில் இருந்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றவள் றீற்றா. அழுகிறவர்களில் பாதிப் பேரை நம்பமாட்டாள். அழாதவர்களை ஒருவரையும் நம்பமாட்டாள். டொக்யார்ட் வீதியில் போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே அறை எடுத்து 'விசாரணைகள்' என்று பலகை தொங்கவிட்டபோது, பலகை எழுதியவனை நம்பாமல் ஏணியில் ஏறி எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தவள் அவள்.

வாசல் நிலையில் சாய்ந்து நின்றான் இன்பாஸ். கீழே நிற்கிற திரீவீலரும் அவனுடையது, மேலே ஒருவருக்கும் அடங்காத வாயும் அவனுடையது. றீற்றாவின் உதவியாள் என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டவன்.

"மௌத்தான ஆள் கதை மாத்தினா அது பேய்க் கேஸ், அக்கா. எங்கட பலகையில 'விசாரணைகள்' எண்டுதான் இருக்கு. 'ஓதிப் பார்க்கப்படும்' எண்டு இல்லை."

"வாயை மூடு. நீங்கள் சொல்லுங்கோ, பரீதா."

அவள் சொன்னாள். திருகோணமலையில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான்.

மகள் றிஷானாவுக்குப் பதினேழு வயது. போன வருடம் ஓகஸ்ட் லீவில் முத்தலிப் முதலாளியின் லோஞ்ச் படகுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தாள். மூதூர் போகிற ஆட்களை மைக்கில் கூப்பிடுவது வேலை. ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிக் கத்தாமல், குரலைப் பென்டிரைவ் குத்திய ஒரு பெட்டியில் பதிந்து நம்பர் போட்டு வைத்தவள் கெட்டிக்காரி. ஒன்றாம் நம்பரை அமத்தினால் 'மூதூர் லோஞ்ச் புறப்படப் போகிறது, கவனமாக ஏறவும்' என்று கம்பத்து ஸ்பீக்கர் கதைக்கும்.

வேலையின் கடைசி நாளில், கடும் கச்சான் காற்றில், நாலு மணி லோஞ்ச் கொட்டியாரக் குடாவில் கவிழ்ந்தது. நாலு பேர் போனார்கள். மூன்று பேரின் உடலைக் கடல் திருப்பித் தந்தது. றிஷானாவை இன்றுவரை தரவில்லை.

விசாரணையில் முத்தலிப் சத்தியம் பண்ணினார். "நான் கிண்ணியாவில கலியாண வீட்டில இருந்தனான். சிவப்புக் கொடி ஏத்தியிருக்க, அடுத்த நாள் பள்ளிக்கூடம் எண்டு வீட்ட போற அவசரத்தில அந்தப் புள்ளதான் தன்ட எண்ணத்துக்கு ஆக்களைக் கூப்பிட்டு ஏத்தினது." செத்தவள் எழும்பி வந்து மறுக்கப் போகிறாளா? எல்லோரும் நம்பினார்கள். செத்த மற்ற மூன்று பேரின் வீட்டாரும் அன்றிலிருந்து பரீதாவின் முகத்தைப் பார்ப்பதில்லை.

பழியை அவள் மேல் போட்ட மனிதர் அவள் குரலை மட்டும் விடவில்லை. புதிதாய்ப் பதியச் சோம்பல்பட்டு அதே பெட்டியை ஓடவிட்டார். ஒரு வருடமாக, நாளுக்கு நாலு தடவை, செத்த பிள்ளை மூதூருக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் பஸ்ஸில் வந்து துறையிலுள்ள வாங்குப் பலகையில் குந்தியிருப்பாள். நாலு மணிக்கு அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் பஸ்ஸிலேயே திரும்பிப் போவாள்.

"நேத்தும் காத்து. ஏறுறதுக்கு நாப்பது பேர் மட்டில நிண்டாங்க. பெட்டி கதைச்சிது." பரீதா ஓதுகிறமாதிரிச் சொன்னாள். "'காற்றுக் கடுமையாக இருப்பதால் இன்று நாலு மணி லோஞ்ச் போகாது. மூதூர்ப் பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் எண்டு அவசரப்பட வேண்டாம். பஸ்ஸில் போகவும்.' என்ட மகள்தான், மிஸ். அந்த 'எண்டு' அவள்ட 'எண்டு'."

சனம் செருப்பை விட்டுவிட்டு ஓடியது. முத்தலிப் ரோசத்தில் ஓட்டியையும் ஒரு கையாளையும் வைத்து லோஞ்சை வெறுமையாக அனுப்பினார். குடா வாயில் எஞ்சின் நின்றது. காற்று லோஞ்சைத் தூக்கிப் பாறையில் அடித்தது. இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். நாற்பது பேர் ஏறியிருந்தால் அத்தனை பேரும் கரையேறியிருக்கமாட்டார்கள்.

இன்பாஸ் கையைத் தடவிக்கொண்டான். மயிர் நிமிர்ந்து நின்றது. பகல் பத்து மணி.

"இண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓதிப்போட்டு, முதலாளி பெட்டியைக் கடல்ல போடப் போறாராம்." பரீதாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. "அதுக்கு முதல் எனக்கு ஒண்டு தெரியணும். என்ட புள்ள எங்கயாவது உசிரோட இருக்காளா? இல்லையெண்டா, நேத்துக் கதைச்சது ஆரு?"

*

துறையில் வேப்பமர நிழலில் இரண்டு மான்கள் படுத்துக் கிடந்தன. இந்த ஊர் மானுக்கு மனிதர்மேல் பயம் விட்டுப்போய் வெகுகாலம். அதுகளையும் றீற்றா நம்பவில்லை. குடையால் விலத்திக்கொண்டு நடந்தாள்.

முத்தலிப் முதலாளியின் மேசையில் அந்தப் பெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்தது. மையத்து உடலுக்குக் கபன் துணி சுற்றியமாதிரி இருந்தது.

"தொடாதீங்க, மிஸ். ஜின் புடிச்ச சாமான்."

"உங்களுக்கு ஜின்னில நம்பிக்கையோ, முதலாளி?"

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சனத்துக்குத்தான் ஜின். உங்களுக்கு உண்மையச் சொல்றன். இது இந்த லீவுக்கு வேலைக்கு வெச்ச நிரோஷினிட வேலை. பெட்டி அவள்ட கையிலதானே. ஃபோன்ல இப்ப ஆர்ட குரலையும் செய்யலாமாம். என்ட மகன் கொழும்பில இன்டர்நஷனல் ஸ்கூல்ல படிக்கிறவன், அவன்தான் சொன்னான்."

"அத்தாட்சி?"

"பெட்டி என்ன சொன்னது? நாளைக்குப் பள்ளிக்கூடம் எண்டு. நேத்து ஞாயிறு. லீவு முடிஞ்சு இண்டைக்குப் பள்ளிக்கூடம் துவங்கிட்டுதா இல்லையா? போன வருஷம் மௌத்தானவளுக்கு இந்த வருஷ லீவு எண்டைக்கு முடியும் எண்டு எப்பிடித் தெரியும்? இது இப்ப செஞ்ச கதை, மிஸ். நேத்துச் செஞ்சது."

கணக்காக இருந்தது. றீற்றாவுக்கு எரிச்சல் வந்தது. பிடிக்காதவன் வாயிலிருந்து சரியான கதை வந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"பதிஞ்ச திகதி அதில கிடக்கும்தானே?" என்றான் இன்பாஸ்.

"பாத்தம். ரெண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி ஒண்டு. எல்லாத்துக்கும் அதுதான் கிடக்கு. பெட்டிக்கு மணிக்கூடு இல்லை."

"எங்கட விசாரணைக் கந்தோர் மாதிரித்தான், அக்கா. நாளும் தெரியாது, நேரமும் தெரியாது."

"சனத்துக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை வைச்சிருக்கிறியள்," என்றாள் றீற்றா. "மூண்டாவது ஒண்டும் கிடக்குதோ?"

முதலாளி சிரித்தார். கண் சிரிக்கவில்லை. அவர் கை மட்டும் துணியின் முடிச்சை இன்னொருதரம் இறுக்கியது.

*

திரீவீலரில் பரீதாவும் றீற்றாவும் பின்னுக்கு இருந்தார்கள். நிரோஷினி படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். வாசலில் வைத்துப் பிடித்தால் போதும். ஒரு பொடிச்சி விளையாட்டுக்குச் செய்த வேலை, ஒரு தாயைச் சாகாமல் சாகவைத்திருக்கிறது. நாலு கேள்வியில் அழவைத்துவிடலாம் என்று றீற்றா மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பிள்ளையைக் கெதியா விசாரிச்சு முடியுங்க. என்ட மகளையும் பள்ளிக்கூடத்தால ஏத்தோணும். பிந்தினா வாசல்ல நிண்டு என்ட பேரைச் சொல்லிக் கத்துவாள். போன கிழமை முழுக்க அந்தப் பாட்டுத்தான்."

"போன கிழமையோ? இண்டைக்குத்தானே பள்ளிக்கூடம் துவங்கினது?"

"அது உங்கட ஆக்களுக்கு. எங்கட முஸ்லிம் பள்ளிக்கூடங்கள் போன திங்களே துவங்கிட்டுது. நோன்புக்கு ஒரு மாசம் லீவு விட்டவங்கதானே, அதை ஓகஸ்ட் லீவில வெட்டிப்போட்டாங்க."

"நிப்பாட்டு!"

பின்னால் வந்த பஸ்காரன் இன்பாஸின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு விலத்திப் போனான்.

றீற்றா வீதியைப் பார்த்தபடி இருந்தாள். மூதூர்ப் பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் எண்டு அவசரப்பட வேண்டாம். றிஷானா படித்ததும் மூதூரில் ஒரு முஸ்லிம் பள்ளிக்கூடத்தில். அவள் 'மூதூர்ப் பிள்ளைகள்' என்றால் அது தன்னோடு படித்ததுகளைத்தான். அதுகளுக்கு இந்த வருடம் பள்ளிக்கூடம் துவங்கி ஒரு கிழமை ஆகிவிட்டது. அப்படியானால் நேற்றுக் கேட்ட வசனம் நேற்றுக்குப் பிழை. நகரத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இன்றைக்குத் துவங்கியதால் எல்லோருக்கும் சரிபோலக் கேட்டிருக்கிறது. துறையில் நின்ற மூதூர்க்காரருக்குப் பிழை தெரிந்திருக்கவேண்டும். ஆனால் செத்தவள் கதைக்கக் கேட்டவன் கலண்டரையா பார்ப்பான்? கொழும்பில் மகனைப் படிக்கவிட்ட முத்தலிப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம் எப்போது துவங்கினாலும் ஒன்றுதான்.

நேற்றுக்குப் பிழையான வசனம் எந்த நாளுக்குச் சரி?

றீற்றா மெல்லத் திரும்பினாள். இப்படி மெல்லத் திரும்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"பரீதா. போன வருஷம் ஓகஸ்ட் லீவு முடிஞ்சு மூதூரில பள்ளிக்கூடம் துவங்கினது எண்டைக்கு?"

பரீதா யோசிக்கவில்லை. "லோஞ்ச் கவிண்டதுக்கு அடுத்த நாள், மிஸ். காலைல போடணும் எண்டு பள்ளிக்கூட வெள்ளை உடுப்ப ஸ்திரிக்கை போட்டு அலுமாரிக் கதவுல கொழுவி வெச்சிருந்தன். இன்னும் அங்கதான் தொங்குது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இன்பாஸ் எஞ்சினை நிறுத்தினான்.

"அப்ப அது நேத்தையக் கதை இல்லை," என்றாள் பரீதா.

"இல்லை."

"அண்டைக்குச் சொன்னது."

"ஓம், தங்கச்சி."

முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள் பரீதா. ஒரு வருடம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. சத்தமில்லாமல் வந்தது. றீற்றா அதை நம்பினாள்.

*

வெள்ளைச் சீருடையும் கழுத்துப் பட்டியுமாக வாசலுக்கு வந்த நிரோஷினி, திரீவீலருக்குள் பரீதாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். மெலிந்த பிள்ளை. குரலும் மெலிந்தது.

"நான் செய்யேல்லை, அன்ரி. செய்த குரல் இல்லை அது. அவவே சொன்னதுதான்."

"தெரியும்," என்றாள் றீற்றா. "எங்க கிடந்தது?"

"ஏழாம் நம்பரில. நான் வேலைக்கு வந்த முதல் நாள் பெட்டியைப் போட, அது தானா ஏழில வந்து நிண்டது. இயர்போனைக் குத்திக் கேட்டனான்."

"ஒரு வருஷமா ஒண்டையே போட்ட பெட்டி ஏன் ஏழில நிண்டது?" என்று இன்பாஸ் கேட்டான்.

"தெரியாது, அண்ணா."

றீற்றா அவளை உறுத்துப் பார்த்தாள். பொய் இல்லை. விடையும் இல்லை. அந்தக் கேள்வியை அவள் அப்படியே விட்டாள், தொட விரும்பவில்லை.

"கேட்டதை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்ல? பயமாக் கிடந்தது. நேற்றுக் காத்துக் கூடேக்க, 'போகவேண்டாம், முதலாளி' எண்டு மூண்டு தரம் சொன்னனான். லீவுக்கு வந்த பெட்டைக்கு என்ன கடல் தெரியும் எண்டு பேசினார். வாங்கில இருந்த ஆக்களிட்டயும் சொன்னனான். சிரிச்சவை." நிரோஷினி பரீதாவைப் பார்க்காமல் சொன்னாள். "நான் சொன்னா ஒருத்தரும் கேக்கமாட்டினம். அவ சொன்னா எல்லாரும் கேப்பினம் எண்டு நினைச்சன். ஏழை அமத்தினனான்."

பரீதா கையை நீட்டி அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். விடாமல் பிடித்தபடியே இருந்தாள்.

"அன்ரி, நான் நேற்றுப் பாதியில நிப்பாட்டினனான்," என்றாள் நிரோஷினி மெதுவாக. "மிச்சம் கிடக்கு."

*

அஸர் முடிந்து துறையில் சனம் நிறைந்திருந்தது. மூதூர் போக நிற்கிறவர்கள், கடலில் பெட்டி விழுகிறதைப் பார்க்க வந்தவர்கள், போன வருடம் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள். முதலாளியின் இரண்டாவது லோஞ்ச் கயிற்றில் கிடந்து குதித்தது. சிவப்புக் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பரீதாவையும் நிரோஷினியையும் கூட்டிக்கொண்டு றீற்றா நேரே முதலாளியிடம் போனாள்.

"நீங்கள் சொன்னது சரி. இந்தப் பொடிச்சியின்ர வேலைதான்."

முத்தலிப்பின் முகம் மலர்ந்தது. "சொன்னன்தானே."

"ஆனா பெட்டியைக் கடலில போட்டா சனம் ஜின் எண்டே நம்பும். பிறகு உங்கட லோஞ்சில ஒரு குருவி ஏறாது. எல்லாருக்கும் முன்னால ஏழாம் நம்பரைப் போட்டுக் காட்டுங்கோ. பொய்க் குரல் எண்டு நானே சொல்லுறன். முழுசாப் போடோணும், பாதியில நிப்பாட்டினா நம்பமாட்டாங்கள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். வெறும் லோஞ்சைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். பிறகு தானே முடிச்சை அவிழ்த்து, தானே வயரைக் குத்தி, தானே ஏழை அமத்தினார்.

'காற்றுக் கடுமையாக இருப்பதால் இன்று நாலு மணி லோஞ்ச் போகாது...'

சனம் பின்வாங்கியது. குழந்தை ஒன்று வீரிட்டது. றிஷானாவின் குரல் நிதானமாக வசனத்தைச் சொல்லி முடித்தது. பஸ்ஸில் போகவும். முதலாளி பெட்டியை நிறுத்தக் கையை நீட்டினார். றீற்றாவின் குடை முனை அந்தக் கையை மறித்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது. கதவு ஒன்று அடிபட்டது. பிறகு ஒரு ஆண்குரல், இந்தத் துறையில் ஒவ்வொரு நாளும் கேட்கிற குரல்:

'நிப்பாட்டு! ஆரைக் கேட்டு இதைச் சொல்றாய்?'

'காத்துக் கூடுது, முதலாளி. கொடி ஏத்தியிருக்காங்க.'

'கொடி எனக்குத் தெரியும். ஒண்டாம் நம்பரைப் போடு. நீயும் போய் முன்னுக்கு ஏறி இரி. நீ ஏறினா மத்தவன் பயப்படாம ஏறுவான்.'

காற்று மைக்கில் அடித்தது. பிறகு மிகவும் சின்னதாக, 'சரி, முதலாளி.'

அத்தோடு நின்றது.

"இது... இது வேற ஒரு நாள்," என்றார் முத்தலிப். "ஒருநாள் அப்பிடிச் சொன்னன்தான். அண்டைக்கு இல்லை. அண்டைக்கு நான் கிண்ணியாவில..."

"முதலாளி, அந்தப் பிள்ளை உங்களிட்ட ஒரே ஒரு லீவுக்குத்தான் வேலை செய்தது," என்றாள் றீற்றா. "நாளைக்குப் பள்ளிக்கூடம் எண்டு அது எண்டைக்குச் சொல்லியிருக்கும்?" அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். "மூதூர் ஆக்களே, நீங்கள் சொல்லுங்கோ. போன வருஷம் ஓகஸ்ட்டில உங்கட பள்ளிக்கூடம் துவங்கினதுக்கு முதல் நாள், என்ன நாள்?"

எல்லோருக்கும் தெரிந்த விடை அது. ஒரு கிழவர், பேரனைப் பறிகொடுத்தவர், சொன்னார்.

"எங்கட மையத்துகள் விழுந்த நாள்."

அவர் நடந்து வந்து பரீதாவின் முன்னால் நின்றார். தலையைக் குனிந்துகொண்டார். முத்தலிப் நழுவப் பார்த்த பாதையில் நாலைந்து மூதூர்ப் பொடியன்கள் கைகட்டி நின்றார்கள்.

றீற்றா பெட்டியிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கினாள். "இன்பாஸ், பொலிசுக்கு ஃபோன் எடு. அதுக்கு முதல் கொப்பி எடு."

"எத்தினை கொப்பி, அக்கா?"

"எனக்கு எத்தினை பேரில நம்பிக்கை இல்லையோ, அத்தினை."

"அவ்வளவு பென்டிரைவுக்கு நான் எங்க போக?"

மணி நாலாகிவிட்டது. பழக்கதோசத்தில் எல்லோருடைய கண்ணும் கம்பத்து ஸ்பீக்கருக்குப் போனது. பரீதாவின் கண்ணும் போனது. பிறகு அவள் நிரோஷினியைப் பார்த்தாள்.

"இனி நீ சொல்லு, புள்ள. என்ட மகள் வீட்ட போகட்டும்."

நிரோஷினி மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். "காற்றுக் கடுமையாக இருப்பதால் இன்று நாலு மணி லோஞ்ச் போகாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் வீதிப் பக்கம் நடந்தார்கள்.

பரீதா கடலைத் திரும்பிப் பார்க்காமல் திரீவீலரில் ஏறினாள்.

"தம்பி, மூதூர் பஸ்ஸடிக்கு விடு. அந்த வெள்ளை உடுப்ப எடுத்து மடிச்சு வைக்கணும்."